புதுப்பிப்பு: பழைய பாய்மரப் படகில் மழைநீர் ஒழுக்கு, காரணம் கிடைத்துவிட்டது

மலேசியாவின் லங்காவித் தீவில் நான் குடியிருக்கும் 1979-ஆம் வருடத்து ஃபைபர் கிளாஸ் படகில், மழை பெய்தாலே பில்ஜில் (படகின் அடிவயிற்றுக் குழியில்) தண்ணீர் சேர்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒழுக்கு நின்றுவிட்டது.

முதலில் அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு ருசி பார்க்கச் சொன்னீர்கள். உப்பு இல்லை, அதாவது கடல்நீர் இல்லை. ஆக, புரொப்பெல்லர் தண்டின் சீல் மீது குற்றமில்லை. அப்புறம், அலமாரிக்குள் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு டெக்கில் (படகின் மேல்தளத்தில்) ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னாரே ஒரு அண்ணன், அதுதான் கைகொடுத்தது. பாய்மரத்தின் கம்பிகளைப் பிடித்து நிற்கும் எஃகுப் பட்டை (செயின்பிளேட்) அருகே ஊற்றியதும், பவுடரில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு இறங்கியது.

பழைய சீலன்ட்டைச் சுரண்டினால், டெக்கின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் இருந்த பால்சா மரம் (எடை குறைந்த மரம்) ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. நனைந்ததைத் தோண்டி, நன்றாகக் காயவைத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்சிப் பசையால் நிரப்பி, பட்டை நுழையும் துளையைப் புதிதாக அறுத்து, பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டி) வைத்து மூடினேன்.

எதிர்பாராதது அந்தப் பட்டைதான். வெளியே பளபளவென்று இருந்தது. டெக்குக்குள் மறைந்திருந்த இடத்தில் பழுப்புக் கறை. தேய்த்தால் நகம் மாட்டும் அளவுக்கு விரிசல்! துருப்பிடிக்காத எஃகும் காற்று படாமல் ஈரத்திலேயே கிடந்தால் இப்படி அரிக்கும். ஆறு பட்டைகளையும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் செய்து மாற்றிவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கழற்ற வேண்டும், அதற்கு முன் பாய்மரத்தை வேறு கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

அதன்பின் இரண்டு பெருமழை. பில்ஜ் காய்ந்தே கிடக்கிறது.