கிரீனில் தண்ணீர் இறங்கவே இல்லை, அவசரம்

கடலோரத் தோட்டம்: மூன்று நாள் மழையில் எங்கள் கோல்ஃப் மைதானத்தின் கிரீன், அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை, முழுக்கத் தண்ணீர். தள்ளிவிட்டாலும் அரை மணியில் மறுபடி தேங்குகிறது. இன்று புல் மஞ்சளித்துவிட்டது. ஞாயிறு விருந்தினர் வருகிறார்கள். என்ன மருந்து அடிக்கலாம்?

வைகை மணல்: எந்த ஊர்? என்ன புல்? வெட்டு உயரம் எவ்வளவு? அடியில் சரளை உண்டா?

உச்சிப்புளி: பித்தியம்தான், பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வரும் புல் நோய். விடியற்காலையில் புல் மேல் பஞ்சு போல வெள்ளை இழை தெரிகிறதா பாருங்கள். தொட்டால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். எனக்கும் இதேதான் வந்தது.

புல்வெளி மூத்தவர்: எத்தனை முறை எழுதுவது? தண்ணீர் நிற்கும்போது அடித்த மருந்து கரைந்துதான் போகும். முறையான கிரீன் என்றால் மேலே 30 செ.மீ. மணல், கீழே 10 செ.மீ. சரளை, அதற்கடியில் குழாய். அடிப்படை தெரியாதவர் கிரீனில் கால் வைக்கக் கூடாது.

சேதுக்கரை: ஐயா, அவர் பராமரிப்பவர், கட்டியவர் அல்லர். தம்பி, கத்தியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்து முகர்ந்து பாருங்கள்.

கடலோரத் தோட்டம்: மண்டபம். பெர்முடா, 4 மி.மீ. நான்கு விரற்கடை ஆழத்தில் கறுப்புப் படலம், அழுகிய முட்டை நாற்றம். கடற்கரை மணலை அள்ளி மேலே தூவட்டுமா?

வைகை மணல்: வேண்டவே வேண்டாம். கிளிஞ்சல் தூள் வெட்டும் கத்தியின் முனையைத் தின்றுவிடும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மணல் அள்ளத் தடையும் உண்டு.

உச்சிப்புளி: எங்கள் தென்னைக்குக் கடல் மணல்தான் போடுகிறோம். ஒன்றும் ஆகவில்லையே?

வைகை மணல்: தென்னையை யாரும் 4 மி.மீ. உயரத்துக்கு வெட்டுவதில்லை.

உச்சிப்புளி: 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப் பெய்தால் எந்த மணலும் உதவாது.

புல்வெளி மூத்தவர்: பெய்யும் மழையைக் கணக்கில் எடுத்துத்தான் வடிகால் அமைக்கிறார்கள். தென்னைப் பேச்சை வேறு உரையாடலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேதுக்கரை: தம்பி, அந்த நாற்றம் வேருக்குக் காற்றில்லை என்பதன் அடையாளம். அடியில் தண்ணீர் வெளியேற வழியில்லை. உங்கள் வடிகால் குழாய் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) விழுகிறதா, தென்கடலிலா (மன்னார் வளைகுடாப் பக்கம்)? வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் அலை குழாய் வாயில் மணலை ஒதுக்கி மூடிவிடும். முதலில் அங்கே ஓடுங்கள். இடையில் வெயில் காய்ந்தால் தேங்கிய நீர் சூடேறிப் புல் வெந்துவிடும். காலடி அமுங்கும் அளவுக்கு ஈரம் இருக்கும்வரை புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்றாதீர்கள். மேல்மண் காய்ந்த பிறகு துளை போட்டுச் சலித்த ஆற்று மணலை நிரப்புங்கள்.

கடலோரத் தோட்டம்: வடகடல்தான். குழாய் வாய் தெரியவே இல்லை, இரண்டு முழம் தோண்டினோம். கறுத்த நீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மாலைக்குள் கிரீன் வடிந்துவிட்டது. மேற்கு மூலை மட்டும் இன்னும் மஞ்சள். நன்றி அண்ணா.

சேதுக்கரை: மகிழ்ச்சி. அடுத்த மழைக்குள் குழாய் வாயில் வலை கட்டிவிடுங்கள். கடல் நீர் உள்ளே ஏறியிருக்கிறதா என்று உப்பையும் சோதித்துவிடுங்கள்.

உச்சிப்புளி: மேற்கு மூலை பித்தியமாக இருக்கலாம். வெள்ளை இழை பார்த்தீர்களா?

வைகை மணல்: ஞாயிறு ஆடினார்களா?