கடும் பயிற்சியின்போது இரத்த அழுத்தம்: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: தடகளப் பயிற்றுநர், தஞ்சாவூர்

கல்லணைக் கால்வாய்க் கரையில் அதிகாலையில் ஓடிப் பழகும் நடுத்தொலைவு ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அவர்களில் 22 வயது இளைஞர் ஒருவருக்கு ஓய்வு நிலையில் 124/78 இருக்கிறது. வேக ஓட்டம் முடிந்ததும் அவரை நிற்க வைத்து, வீட்டில் பயன்படுத்தும் தானியங்கிக் கருவியால் பார்த்தால் 198 என்கிறது. சற்று நேரத்தில் 152 என்கிறது. சில சமயம் பிழை என்று காட்டி நின்றுவிடுகிறது. தந்தைக்குப் பிரஷர் உண்டு என்பதால், ஓட்டத்தையே விட்டுவிடும்படி வீட்டார் வற்புறுத்துகிறார்கள். எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?

பதில்: பொது மருத்துவர், கும்பகோணம்

ஐயா, இரண்டு எண்களுமே உண்மையாக இருக்கலாம். ஓட்டம் நின்ற முதல் நிமிடத்திலேயே அழுத்தம் வேகமாக இறங்கத் தொடங்கும் என்பதால், நீங்கள் பிடித்தது ஓட்டத்தின் அழுத்தத்தை அல்ல, அது இறங்கிக்கொண்டிருந்த வழியை. அதோடு, அந்தக் கருவி கைப்பட்டைக்குள் ஏற்படும் நுண்ணிய அதிர்வுகளை வைத்தே கணக்கிடுவதால், மூச்சிரைப்பில் கை ஆடினாலே தடுமாறும். ஓடி வந்தவரை அசையாமல் நிற்க வைக்கவும் வேண்டாம். சித்திரை வெயிலில் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும்.

முறையாக அளக்க வேண்டுமானால், டிரெட்மில்லிலோ நிலை சைக்கிளிலோ, வேகத்தையும் சுமையையும் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு 3 நிமிடக் கட்டத்தின் இறுதியிலும் பழகிய ஒருவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். கை கம்பியைப் பிடிக்காமல், இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். மேல் அழுத்தம் ஏறுவதும் கீழ் அழுத்தம் மாறாமலோ சற்றுக் குறைந்தோ இருப்பதும் இயல்பு. உச்சத்தில் ஆண்களுக்கு 210, பெண்களுக்கு 190 என்ற எல்லையைத் தாண்டினால் மிகை என்பார்கள். ஆனால், பயிற்சி பெற்றவரின் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தமே அதிகம் என்பதால், அவர் அந்த எல்லையைத் தாண்டுவது மட்டும் நோயாகாது. சுமை ஏறும்போது மேல் அழுத்தம் இறங்கினால்தான் நான் உண்மையில் கவலைப்படுவேன். அப்போதும், மேல் அழுத்தம் 250ஐயோ கீழ் அழுத்தம் 115ஐயோ தாண்டும்போதும் சோதனையை நிறுத்திவிடுவோம்.

பதில்: பளுதூக்கும் பயிற்சியாளர், மன்னார்குடி

ஓட்டத்துக்கான இந்த எண்களை எடைப் பயிற்சிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. 1985இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், கையின் தமனிக்குள் குழல் செருகி அளந்தபோது, இரு கால்களாலும் எடையைத் தள்ளிய உடற்கட்டு வீரர்களின் சராசரி உச்சம் 320/250 வரை போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஓட்டக்காரர் எடைப் பயிற்சியும் செய்கிறாரென்றால், தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி, டாக்டர். கைக்கடிகாரம் காட்டும் அழுத்தத்தை நம்பலாமா? வீட்டாருக்கு என்ன சொல்வது?

பதில்: பொது மருத்துவர், கும்பகோணம்

ஓடும்போது கைக்கடிகாரம் காட்டும் அழுத்தத்தை ஒரு பொருட்டாகவே கொள்ள வேண்டாம். காலையில் பயிற்சிக்கும் காபிக்கும் முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் எடுக்கும் அளவைக் குறித்து வாருங்கள். தந்தைக்கு நோய் இருப்பதால் அதுவே உங்களுக்கு முக்கியம். ஓய்விலேயே 160ஐத் தாண்டுபவர்தான், அது கட்டுக்குள் வரும்வரை கடும் பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டும்; 124 இருப்பவர் ஓட்டத்தை விட வேண்டியதில்லை. மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை அழுத்தத்தைக் கூட்டும்; அவற்றை அவர் எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டறியுங்கள். எதிர்காலத்தில் மாத்திரை தேவைப்பட்டால், சிறுநீர் பெருக்கி மருந்துகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளன என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓடும்போதே நெஞ்சு வலியோ மயக்கமோ வந்திருந்தால் மட்டும், ஈசிஜியும் எக்கோவும் பார்த்து மருத்துவர் அனுமதித்த பிறகே அவரை மீண்டும் ஓட விட வேண்டும்.