பழைய கழிப்பறையையும் குளியலறையையும் ஒன்றாக்குகிறோம், எதை எங்கே வைப்பது?

திருநகர்வாசி

வணக்கம். மதுரையில் எங்கள் வீடு 1992-இல் கட்டியது, தரைத்தளம் மட்டும். பின்பக்க நடையை ஒட்டி இடப்பக்கம் கழிப்பறை, வலப்பக்கம் குளியலறை என்று இரண்டு சின்ன அறைகள், தனித்தனிக் கதவு. கழிப்பறை 3 அடி அகலம், குளியலறை நாலரை அடிக்குக் கொஞ்சம் கூட, நடுவில் நாலரை இன்ச் சுவர். அந்தச் சுவரை எடுத்துவிட்டால் உள்ளளவு 8 அடிக்கு நாலரை அடி கிடைக்கும். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் வெஸ்டர்ன் கட்டாயம். அப்பாவோ தனக்கு வெஸ்டர்ன் சரிப்படாது, பழையதும் இருக்கட்டும் என்கிறார்.

மேஸ்திரி சொல்வது இதுதான்: கழிப்பறைக் கதவை அடைத்துவிட்டுக் குளியலறைக் கதவை மட்டும் வைத்துக்கொள்ளலாம், க்ளோசெட்டை இடது கடைசிச் சுவரில் வைக்கலாம், வாஷ்பேசின், கீசர், வாஷிங் மெஷின் எல்லாமே உள்ளே வந்துவிடும். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. செப்டிக் டேங்க் கழிப்பறைக்கு நேர் பின்னால், வெளிச்சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. மொட்டைமாடியில் இந்த இரண்டு அறைகளுக்கும் மேல்தான் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்சூளை

கட்டட வேலையில்தான் இருக்கிறேன். க்ளோசெட், டைல்ஸ் எல்லாம் அப்புறம், முதலில் அந்தத் தொட்டியைப் பாருங்கள். 1000 லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு டன். நாலரை இன்ச் சுவர் பொதுவாகப் பாரம் தாங்குவதற்காகக் கட்டுவதில்லை, ஆனால் அந்தக்கால வீடுகளில் இரண்டு அறைக்கும் தளத்தைத் தனித்தனியாகப் போட்டு நடுச்சுவர் மேல் உட்கார வைத்திருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பொறியாளரை நேரில் வரவழைத்துக் காட்டாமல் சுவரில் சுத்தியல் வைக்க விடாதீர்கள். இடிக்கிற நாளில் தொட்டி காலியாக இருக்கட்டும். முடிந்தால் அதை அங்கிருந்து நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பக்க ஒன்பது இன்ச் சுவர்களின் மேல் இரும்பு பீம் போட்டு அதன்மேல் ஏற்றுங்கள்.

இட அளவில் பிரச்சினை இல்லை. தேசியக் கட்டட விதிப்படி குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் வேண்டும், அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. உங்களுக்கு 36 சதுர அடி, அதாவது 3.3 சதுர மீட்டருக்கு மேல். ஆனால் வாஷிங் மெஷினை உள்ளே கொண்டுவந்தால் அந்த வசதி அவ்வளவும் போய்விடும். அது நடையிலேயே இருக்கட்டும்.

க்ளோசெட்டை மேஸ்திரி சொல்லும் இடது சுவரில் வைக்க வேண்டாம். கழிவுக் குழாய் எந்தப் பக்கம் வெளியே போகிறதோ அந்தச் சுவரில் வையுங்கள், உங்களுக்கு அது பின்பக்க வெளிச்சுவர். பி-ட்ராப் க்ளோசெட் (கழிவு வாய் கீழே இல்லாமல் பின்பக்கம் இருக்கும் வகை) வாங்கினால் தரையை உடைக்காமல் சுவர் வழியாகவே நேராக வெளியே இருக்கும் சேம்பருக்கு, அதாவது கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டிக்குப் போய்விடும். நாலு இன்ச் குழாய்க்கு 10 அடிக்கு 3 இன்ச் வாட்டம் கிடைத்தால் அடைப்புத் தொல்லை வராது. இடது சுவரிலிருந்து க்ளோசெட்டின் நடுப்பகுதி 18 இன்ச் தள்ளி இருக்கட்டும். முன்னால் இரண்டு அடிக்கு மேல் இடம் மிஞ்சும்.

குளியல் தண்ணீர் இப்போது தனியாகத் தோட்டத்துக்குப் போகிறதென்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே அறை ஆகிவிட்டதே என்று அதையும் செப்டிக் டேங்கில் சேர்த்துவிடுவார்கள், பாவம், கடைசியில் டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் சோக் பிட்தான் திணறும்.

வைகைக்கரை

நான் பிசியோதெரபிஸ்ட். அம்மா அறைக்குள் எப்படி நடந்து வரப்போகிறார் என்பதை வைத்துக் கதவை முடிவு செய்யுங்கள். மேஸ்திரி சொல்கிற மாதிரி குளியலறைக் கதவை வைத்தால், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறவர் ஈரத்தில் கால் வைத்துத் தாண்டித்தான் க்ளோசெட்டுக்குப் போக வேண்டும். முட்டி தேய்ந்தவர்கள் வழுக்கினால் சமாளித்து நிற்க முடியாது, அப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு பழைய கதவுகளையும் அடைத்துவிட்டு நடுவில் ஒரே கதவு வையுங்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே வாஷ்பேசின், இடப்பக்கம் க்ளோசெட், வலப்பக்கக் கடைசி 3 அடி குளிக்க. அப்படிச் செய்தால் நடக்கிற இடம் எப்போதும் காய்ந்தே இருக்கும்.

கதவு இரண்டே முக்கால் அடியாவது இருக்கட்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக வாங்குங்கள். வாசலில் தண்ணீர் தடுக்க என்று இரண்டு இன்ச் கல் வைப்பார்கள், அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கைப்பிடி, க்ளோசெட்டுக்குப் பக்கத்து இடது சுவரில். துண்டு போடும் கம்பி வேறு, இது வேறு. செங்கல்லுக்குள் நன்றாக இறங்கும் போல்ட் போட்டு, ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் தாங்குகிற மாதிரி மாட்ட வேண்டும். ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் வகை வேண்டவே வேண்டாம். அதன் உயரத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எழும்போது கை எங்கே தேடிப் போகிறது என்று பார்த்து சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். க்ளோசெட் உயரமும் அப்படித்தான். சாதாரணமானது 16 இன்ச் அளவில் இருக்கும், கொஞ்சம் உயரமானதும் கிடைக்கிறது, ஆனால் பாதம் முழுவதும் தரையில் படவில்லை என்றால் அந்த உயரம் தப்பு.

அப்பாவுக்காக இந்தியனையும் இதே அறையில் வைத்தால் இருவருக்குமே இடம் போதாது. ஏறி உட்காரும் ஆங்கிலோ இந்தியன் வகையும் இந்த வயதில் ஆபத்து. க்ளோசெட்டுக்கு முன்னால் 7 இன்ச் அளவில் அசையாத ஒரு கால்மணை வைத்தால் முட்டி மேலே வரும், குத்தவைத்த மாதிரியே இருக்கும். சில வாரம் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபேஸ் நியூட்ரல்

கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1992 வீடு என்றால் எர்த் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ, முதலில் அதைச் சோதியுங்கள். 2000 வாட் கீசர் 9 ஆம்பியர் வரை இழுக்கும், அதற்குத் தனியாக 2.5 சதுர மி.மீ. வயர் வேண்டும், பழைய விளக்கு லைனிலிருந்து இழுக்கக் கூடாது. கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் போடுங்கள், இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கீசரைக் கதவுப் பக்கச் சுவரில் உயரத்தில் மாட்டி, சுவிட்சை வெளியே நடையில் வையுங்கள்.

இன்னொன்று. தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் ஷவரில் வேகம் வராது. அம்மா எப்படியும் ஸ்டூலில் உட்கார்ந்து வாளியில்தான் குளிக்கப்போகிறார், அதனால் குழாயையும் சோப்பு வைக்கும் இடத்தையும் உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

திருநகர்வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தொட்டி விஷயம் யோசிக்கவே இல்லை, நாளைக்கே பொறியாளரிடம் பேசுகிறேன். நடுக்கதவு அம்மாவுக்கும் பிடித்திருக்கிறது. இரண்டு சந்தேகம். நடை மூன்றரை அடிதான், கதவு வெளியே திறந்தால் வழி மறிக்காதா? வாசலில் தடுப்பே இல்லை என்றால் தண்ணீர் வெளியே வராதா?

செங்கல்சூளை

கீலை வலப்பக்கம் வைத்து, கதவு முழுக்கத் திரும்பி நடைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி மாட்டினால் வழி மறிக்காது. பழைய கதவுகள் இரண்டுக்கும் மேலே லிண்டல் (மேல்சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை) ஒரே நீளமாக ஓடுகிறதா என்று பூச்சைத் தட்டிப் பாருங்கள். ஓடினால் நடுவில் திறப்பது சுலபம், இல்லையென்றால் புது லிண்டல் போட்ட பிறகுதான் சுவரை உடைக்க வேண்டும்.

தண்ணீர் வெளியே வராது, வாட்டம் சரியாக இருந்தால். தரை முழுக்க வலது கடைசி மூலையை நோக்கி, 80-க்கு 1 கணக்கில் இறங்கட்டும், குளிக்கிற 3 அடியை மட்டும் அரை இன்ச் தாழ்த்துங்கள். பெரிய டைல்ஸ் போட்டால் அந்த வாட்டம் ஒழுங்காக அமையாது, ஓரடி டைல்ஸே போதும், சொரசொரப்பானதாக. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, தரையில் தண்ணீர் வடியும் ட்ராப்பை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள். க்ளோசெட்டையும் முன்னாடியே வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, அதன் வாயை அளந்த பிறகே சுவரில் ஓட்டை போடச் சொல்லுங்கள். ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் அந்த அளவு மாறும்.