எஸ்கேடி11 டை பிளேட் வயர்கட்ல வெடிச்சிருச்சு, ஹார்ட்னஸ் சரியாதான் இருக்கு, என்ன காரணம்?

டூல்ரூம்_பிறை:
வணக்கம், பினாங்கு பிறையில ஸ்டாம்பிங் டை (தகடு வெட்டுற அச்சு) செய்யிற சின்ன டூல்ரூம்ல வேலை. எஸ்கேடி11ங்கிற டூல் ஸ்டீல் பிளேட் ரெண்டு, 40 மில்லி தடிப்பு, மில்லிங் முடிச்சு வெளிய ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பினோம். திரும்பி வந்ததும் செக் பண்ணா 61 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு), டிராயிங்ல 58லருந்து 61 வரைக்கும் கேட்டிருக்கு, சரினு ஒன்ன கிரைண்டிங் போட்டு வயர்கட்ல (மின்பொறியால வெட்டுற கம்பி மெஷின்) ஏத்தியாச்சு. நடு ஜன்னல (பிளேட் நடுவுல வர்ற பெரிய ஓட்டைய) பாதிக்கு மேல வெட்டிக்கிட்டு இருக்கும்போது உள்ளருந்து படார்னு சத்தம், வயரும் அறுந்துருச்சு, தண்ணிய இறக்கிப் பாத்தா ஜன்னல் மூலையிலருந்து பிளேட் ஓரம் வரைக்கும் வெடிப்பு ஓடியிருக்கு. ரெண்டாவது பிளேட் இன்னும் வெட்டல, ஃபைனல் கிரைண்டிங்கும் போடல. அத தைரியமா வெட்டலாமா? கஸ்டமர் நெருக்குறாங்க, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க லா.

வயர்கட்_பட்டர்வொர்த்:
மெட்டீரியல் டூப்ளிகேட்டா இருக்கும் ப்ரோ. இப்பெல்லாம் எஸ்கேடி11னு சொல்லி எதையாவது குடுக்குறாங்க.

ஹீட்ட்ரீட்_அண்ணன்:
சந்தேகம் நியாயம்தான், ஆனா கேஸ்ல ஆறின 40 மில்லி கட்டை 61 காட்டுதுனா கார்பனும் குரோமியமும் ஓரளவுக்கு ஒழுங்கா இருக்குனுதான் அர்த்தம், சாதா ஸ்டீல் அப்படி ஏறாது. தம்பி, ஹீட் ட்ரீட்மென்ட் பேப்பர் கையில இருக்கா? டெம்பர் (ஹார்டன் பண்ணதுக்கப்புறம் நொறுங்காம இருக்க திரும்ப சூடாக்குறது) எத்தனை டிகிரி, எத்தனை தடவைனு பாத்து சொல்லுங்க.

டூல்ரூம்_பிறை:
இருக்குண்ணே. வேக்குவம் ஃபர்னஸ், 1030 டிகிரி, நைட்ரஜன்ல கூலிங், டெம்பர் 200 டிகிரி, ஒரு தடவை.

ஹீட்ட்ரீட்_அண்ணன்:
அங்கதான் மாட்டியிருக்கு. 61ங்கிற நம்பர் கடினத்த மட்டும்தான் சொல்லும், உள்ள என்ன இருக்குனு சொல்லாது.

எஸ்கேடி11ல கார்பன் 1.4லருந்து 1.6 சதவீதம், குரோமியம் 11லருந்து 13. குரோமியமும் மாலிப்டினமும் பெர்லைட் (மெதுவா ஆறினா வர்ற மெத்தையான அமைப்பு) உருவாகிறத ரொம்ப தாமதப்படுத்துறதாலதான் எண்ணெய்ல முக்காம கேஸ்ல ஆறினாலே மார்ட்டன்சைட் (கெட்டியான அமைப்பு) வந்துருது. ஆனா அதே கரைஞ்ச கார்பனாலயும் குரோமியத்தாலயும் அந்த மாற்றம் ரூம் சூட்டுக்கு வந்தும் முடியாது, கொஞ்சம் ஆஸ்டினைட் (சூட்டுல இருந்த பழைய அமைப்பு) மாறாமலே தங்கிரும். 1030க்கு பதிலா 1070 வச்சா இன்னும் நிறைய கார்பைடு (கார்பனும் உலோகமும் சேர்ந்த கெட்டித் துகள்) கரைஞ்சு இன்னும் அதிகமா தங்கும், அதனால சூடு கூட வச்சா நல்லா ஏறும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

இதுல ஸ்ட்ரெஸ் எங்கருந்து வருதுனா, ஆஸ்டினைட் மார்ட்டன்சைட்டா மாறும்போது பருமன் கூடும். வெளிப்பக்கம் முதல்ல ஆறி மாறி கெட்டியாயிரும், நடுப்பகுதி லேட்டா மாறி அப்புறம் பெருக்கப் பாக்கும், வெளிப்பக்கம் இழுபட்ட நிலையிலயே நிக்கும். 200 டிகிரி டெம்பர் அந்த இழுப்புல கொஞ்சத்தத்தான் எடுக்கும். நீங்க நடுவுல ஜன்னல் வெட்டுறப்போ அதுவரைக்கும் ஒன்னுக்கொன்னு தாங்கிக்கிட்டு இருந்தது கலைஞ்சு, மொத்த பாரமும் கூரான மூலையில வந்து விழுந்துருது.

520 டிகிரியில ரெண்டு தடவை டெம்பர் பண்ணியிருந்தா ஸ்ட்ரெஸ் நிறைய இறங்கியிருக்கும், கடினமும் ரொம்ப போகாது. 300, 400 டிகிரியில இறங்குற ஹார்ட்னஸ் 500 பக்கத்துல பொடிப்பொடி கார்பைடு பிரிஞ்சு வர்றதால மறுபடி ஏறும். தங்கின ஆஸ்டினைட்லருந்தும் கார்பைடு பிரியும், அப்புறம் ஆறும்போது அது புது மார்ட்டன்சைட்டா மாறும். அந்த புதுசு டெம்பர் ஆகாதது, நொறுங்கும், அதுக்குத்தான் ரெண்டாவது தடவை. நடுவுல கையால தொடுற சூட்டுக்கு ஆற விடாம ரெண்டாவது போட்டா பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது பிளேட்ட இப்ப வெட்டாதீங்க. திரும்ப ஹார்டன் பண்ணவும் வேணாம், அனீல் பண்ணாம (சூடாக்கி மெதுவா ஆறவிட்டு மெத்தையாக்காம) மறுபடி ஹார்டன் பண்ணா வெடிக்கும், கிரெயினும் பெருசாகும். நேரா 520ல ரெண்டு டெம்பர் போடச் சொல்லுங்க, 59 பக்கத்துல நிக்கும். தங்கின ஆஸ்டினைட் மாறும்போது சைஸ் கொஞ்சம் கூடும், அதனால ஃபைனல் கிரைண்டிங் அதுக்கப்புறம்தான்.

நிபோங்தெபால்_மெட்டல்:
அண்ணன் சொன்னது சரி. நான் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) நிபோங் தெபால்ல மெட்டீரியல்ஸ் படிக்கிறேன், வெடிச்ச துண்டு ஒன்னு குடுத்தா லேப்ல கேட்டு பாலிஷ் பண்ணி நைட்டல்ல (ஆல்கஹால்ல கலந்த நைட்ரிக் ஆசிட்) எட்ச் பண்ணி மைக்ராஸ்கோப்ல பாக்குறேன்.

(ரெண்டு வாரம் கழிச்சு) துண்டு பாத்தாச்சு. இருண்ட மார்ட்டன்சைட் நடுவுல வெள்ளை வெள்ளையா பெரிய கார்பைடு, எல்லாம் உருட்டின திசையில வரிசை வரிசையா நிக்குது, வெடிப்பு அந்த வரிசைய ஒட்டியே ஓடியிருக்கு. இந்த கார்பைடு ஸ்டீல் ஆலையில இங்காட் மெதுவா உறையும்போதே வந்தது, நம்ம ஹீட் ட்ரீட்மென்ட் எதுவும் இத கரைக்காது. பவுடர் ஸ்டீல்ல ஒவ்வொரு துளியும் சட்டுனு உறையிறதால கார்பைடு பொடியா, பரவலா இருக்கும், அதுக்குத்தான் அந்த விலை. இன்னொன்னு, வயர்கட் போன பக்கத்துல எட்ச் ஆகாத மெல்லிய வெள்ளை தோல், அதுல நுண்ணிய வெடிப்புங்க, வெடிப்பு ஆரம்பிச்ச மூலையிலயும் அது இருக்கு. தங்கின ஆஸ்டினைட் எவ்வளவுனு இந்த மைக்ராஸ்கோப்ல சொல்ல முடியாது, அதுக்கு எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் வேணும்.

வயர்கட்_பட்டர்வொர்த்:
ஓ அப்படியா, அந்த தோல் ரஃப் கட்ல உருகி உடனே உறைஞ்சது. ஸ்கிம் கட் (மேல லேசா சீவுற கட்) ரெண்டு மூணு போட்டா பெரும்பகுதி போயிரும், நேரம் மிச்சம் பண்ண ரஃப்போட நிறுத்தாதீங்க. இன்னொன்னு ப்ரோ, அவ்வளவு பெரிய ஜன்னல ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடியே மில்லிங்ல குடைஞ்சு பக்கத்துக்கு ஒரு 3 மில்லி மட்டும் வயருக்கு விடுங்க. மூலைக்கு ரேடியஸ் கேளுங்க, ஓரத்துலருந்து வெட்டி உள்ள போகாம ஸ்டார்ட் ஹோல் போட்டு உள்ளருந்தே ஆரம்பிங்க.

டூல்ரூம்_பிறை:
ரெண்டாவது பிளேட் 520ல ரெண்டு டெம்பர் போட்டு வந்துச்சு, 59 எச்ஆர்சி. நீளத்துல 0.04 மில்லி கூடியிருந்துச்சு, கிரைண்டிங் அலவன்ஸ் இருந்ததால தப்பிச்சோம். வயர்கட் முழுசா முடிஞ்சு ஸ்கிம் கட்டும் போட்டாச்சு, டை பெனட்ரண்ட் (வெடிப்புக்குள்ள ஊறிக் காட்டுற சாயம்) அடிச்சுப் பாத்தோம், ஒரு கோடு கூட இல்ல. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அடுத்த தடவை டிசி53ங்கிற டூல் ஸ்டீல் வாங்கலாமானு பாஸ் கேக்குறாரு.

ஹீட்ட்ரீட்_அண்ணன்:
தாராளமா வாங்கலாம், அதுல குரோமியம் 8 சதவீதம் பக்கம்தான், பெரிய கார்பைடு குறைவு, 520, 530ல டெம்பர் பண்ணாலும் 62 நிக்கும். எத வாங்கினாலும் ஆர்டர் பேப்பர்ல ஹார்ட்னஸ் மட்டும் எழுதாதீங்க, டெம்பர் டிகிரியும் ரெண்டு தடவைங்கிறதும் எழுதி ஃபர்னஸ் சூட்டு சார்ட் கேட்டு வாங்குங்க. தெர்மோகப்பிள் (சூடு அளக்குற கம்பி) பிளேட்லயே இருந்துச்சானும் பாருங்க, ஃபர்னஸ் 520 காட்டின உடனே நேரம் எண்ண ஆரம்பிச்சா 40 மில்லிக்கு நடுப்பகுதி அப்பதான் ஏறிக்கிட்டு இருக்கும்.