த்ரீ பாடி நாவல்: ஆல்ஃபா சென்டாரி சென்னையில் தெரியுமா? மூன்று விண்மீன் கணக்கு ஏன் சிதறுகிறது?

கேள்வி

சீன எழுத்தாளர் லியூ சிஷினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’ நாவலைப் படித்தவர்களிடம் இரண்டு சந்தேகம். மூன்று சூரியன்களிடம் மாட்டிக்கொண்டு அல்லாடும் அந்தக் கிரகம் ஆல்ஃபா சென்டாரியில் இருப்பதாகக் கதை. அந்த விண்மீனைச் சென்னையிலிருந்து பார்க்க முடியுமா? அடுத்தது, பைத்தான் நிரலில், ஒன்றையொன்று ஈர்க்கும் மூன்று சம எடைப் பொருள்களை எட்டு வடிவப் பாதையில் ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் பாதை கலைந்துவிடுகிறது. நேரத்தைச் சிறு அடிகளாக வெட்டிக் கணக்கிடும் ஆய்லர் முறை, ஓர் அடி 0.01. இது நாவல் சொல்லும் குழப்ப நிலையா (தொடக்கத்தில் துளி மாறினாலும் முடிவு வெகுவாக மாறுவது), நிரலில் தப்பா?

பதில் 1

நன்றாகவே தெரியும். சென்னை 13.1 பாகை வடக்கே இருக்கிறது, அந்த விண்மீன் வான நடுக்கோட்டுக்கு 60.8 பாகை தெற்கே. 90லிருந்து இரண்டையும் கழித்தால் 16 பாகை. அதாவது உச்சத்தில் இருக்கும்போதும் நீட்டிய கையின் ஒன்றரை முஷ்டி உயரம்தான். மே நடுவில் இரவு 11.15 வாக்கில், ஜூன் நடுவில் 9.15 வாக்கில் நேர் தெற்கே நிற்கும். தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டத்துக்கு இடப்பக்கம் இரண்டு பளிச்சென்ற விண்மீன்கள் இருக்கும். சிலுவைக்குப் பக்கத்தில் இருப்பது பீட்டா, தள்ளி இருப்பது ஆல்ஃபா.

தெற்கே மறைப்பில்லாத மொட்டை மாடி போதும். நல்ல இருட்டு வேண்டுமென்றால் மாமல்லபுரம் தாண்டிப் போங்கள், நகர வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். திருவான்மியூர் கடற்கரையில் தெற்கே பார்த்தால் ஈசிஆர் விளக்கொளிதான் கண்ணில் படும். அந்த உயரத்தில் ஒளி கடந்துவரும் காற்று, உச்சி வானத்தைப்போல மூன்றரை மடங்கு. அதனால் மங்கலாகத் துடிக்கும். மழை பெய்து ஓய்ந்த இரவுதான் தோது. 60 மி.மீ. தொலைநோக்கியில் 100 மடங்கு உருப்பெருக்கினால் ஆல்ஃபா ஏ, பி என இரண்டாகப் பிரியும். மூன்றாவதான ப்ராக்ஸிமா இரண்டு பாகை தள்ளி, 11ஆம் ஒளிர்வில் (எண் கூடக் கூட மங்கல்) இருக்கிறது. நகருக்குள் நின்று அதைத் தேடுவது வீண்.

பதில் 2

உங்கள் நிரலில் சிதறுவது குழப்ப நிலை இல்லை, ஆய்லர் முறையின் பிழை. ஒவ்வொரு அடியிலும் மொத்த ஆற்றலை அச்சிட்டுப் பாருங்கள், ஏறிக்கொண்டே போகும். லீப்ஃப்ராக் முறைக்கு மாறுங்கள்: அரை அடிக்கு வேகத்தை மாற்று, முழு அடிக்கு இடத்தை மாற்று, முடுக்கத்தைப் புதிதாகக் கணக்கிடு, மறுபடி அரை அடிக்கு வேகத்தை மாற்று. அடி 0.001 போதும்.

எட்டு வடிவத்துக்கு ஈர்ப்பு மாறிலி, எடைகள் எல்லாம் 1. முதல் பொருளின் இடம் (0.97000436, −0.24308753), இரண்டாவது அதற்கு நேர் எதிர்க்குறி, மூன்றாவது நடுவில். மூன்றாவதன் வேகம் (−0.93240737, −0.86473146), மற்ற இரண்டுக்கும் அதில் பாதி, குறி மாற்றி. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 6.3259. ஆற்றல் −1.287இலேயே நிற்க வேண்டும். நகர்ந்தால் எங்கோ குறி தவறியிருக்கிறது.

நிஜ ஆல்ஃபா சென்டாரியில் நாவலின் நிலைமை கிடையாது. ஏ, பி இரண்டும் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவற்றின் இடைவெளி பூமி-சூரியன் தூரத்தைப்போல 11 முதல் 36 மடங்கு. ப்ராக்ஸிமாவோ சுமார் 13,000 மடங்கு தள்ளி, ஒரு சுற்றுக்கு 5.5 லட்சம் ஆண்டு எடுக்கிறது. இவ்வளவு விலகியிருந்தால் இரட்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாவல் 2006இல் தொடராக வந்தபோது, ப்ராக்ஸிமா அந்த இரட்டையோடு கட்டுண்டதா என்பதே உறுதியாகியிருக்கவில்லை. அதனால் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது.

பதில் 3

ஒரு திருத்தம். ‘மூன்று பொருள் கணக்குக்குத் தீர்வே இல்லை’ என்று பலர் எழுதுகிறார்கள். 1912இல் பின்லாந்துக் கணிதர் சுண்ட்மன் முடிவிலித் தொடராகத் தீர்வு கொடுத்துவிட்டார். ஆனால் அது விடையை நோக்கி ஆமை வேகத்தில் குவிவதால் கணக்குப் போட உதவாது. எல்லா நிலைக்கும் பொருந்தும் எளிய சூத்திரம் இல்லை என்பதே சரி.

நிஜமான குழப்பத்தைப் பார்க்க 3, 4, 5 எடைகளை (1, 3), (−2, −1), (1, −1) புள்ளிகளில் அசையாமல் வைத்து விடுங்கள்.

கேட்டவர்

லீப்ஃப்ராக்கில் எட்டு நிற்கிறது, நன்றி. 3-4-5 மட்டும் ஒவ்வொரு அடி அளவுக்கும் ஒவ்வொரு முடிவு தருகிறது.

பதில் 3

இரண்டு பொருள்கள் உரசுமளவு நெருங்கும்போது நிலையான அடி எகிறிக் குதித்துவிடும். பைத்தானின் சைபை நூலகத்தில் டிஓபி853 முறையைப் போட்டு, சார்புப் பிழை, தனிப் பிழை வரம்புகள் (rtol, atol) இரண்டையும் 10⁻¹² ஆக்குங்கள். அடியை அதுவே சுருக்கிக்கொள்ளும். நெருக்கத்தை மழுப்ப ஈர்ப்பில் மென்மைப்படுத்தும் எண் சேர்க்காதீர்கள், முடிவே மாறிவிடும். சரியாக வந்தால் நேரம் 60 வாக்கில் எடை 3 தனியே வெளியேறும், 4உம் 5உம் இரட்டையாகிவிடும்.