ஓரியூரில் விழுந்த தலை: மதத்துக்காகவா, அரண்மனைத் தகராறிலா?

சேதுநாட்டான்:
புனித அருளானந்தரை, அதாவது போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைச் சாமியார் ஜான் டி பிரிட்டோவை, மறைசாட்சி (மதத்துக்காக உயிர் விட்டவர்) என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிக் கதைதான் தெரிகிறது. அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர் யார்? இராமநாதபுரம் அரியணைக்கு உரிமை கோரக்கூடிய கிளையில் வந்தவர். மதம் மாறியதும் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அப்படி விலக்கப்பட்ட கடலாயி, அப்போது இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் அரண்மனையில் போய் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று சாமியாரின் தலை விழுந்தது. சம்பந்தி வீட்டுச் சண்டையும் பட்டத்துப் பயமும்தான் காரணம். இதில் மதம் எங்கே வந்தது?

ஓரியூர்க்காரன்:
அண்ணே, 1693-இல் ஆரம்பித்தால் அப்படித்தான் தெரியும். 1686-க்குப் போங்கள். அப்போது தடியத்தேவரும் இல்லை, கடலாயியும் இல்லை. அப்போதே மறவர் நாட்டில் அவரைப் பிடித்துத் தண்ணீரில் முக்கிச் சித்திரவதை செய்தார்கள். சேதுபதி நேரில் விசாரித்து, 'இனி என் சீமையில் போதிக்காதே' என்று சொல்லித்தான் விட்டார். அப்புறம் லிஸ்பன் போனார். சிறுவயதில் அரண்மனையில் கூடவே வளர்ந்த பேதுருதான் அப்போது போர்ச்சுகல் ராஜா; இங்கேயே இருந்துவிடு என்று கேட்டுப் பார்த்தார். இவர் 1690-இல் மறுபடி கப்பலேறி வந்து, தடை போட்ட அதே சீமைக்குள் நுழைந்தார். கடலாயி விவகாரம் வெறும் தீக்குச்சி. விறகை ஏழு வருஷம் முன்னாலேயே அடுக்கியாயிற்று.

சேதுநாட்டான்:
தடையை மீறினார் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்களே தம்பி! ராஜா உத்தரவை மீறினால் எந்த நாட்டில் மாலை போடுவார்கள்?

ஓரியூர்க்காரன்:
உத்தரவே 'போதிக்காதே' என்பதுதானே. அதை மீறிச் செத்தவரை மறைசாட்சி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

தெற்குத்தெரு:
இரண்டு பேரும் ராஜாக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சேரியைப் பற்றிக் கேட்கிறேன். அருளானந்தர் காவி கட்டி, சைவ உணவு உண்டு, பண்டாரச் சாமியாராக, அதாவது பிராமணரல்லாத துறவி கோலத்தில் நடந்தாரே, ஏன்? 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியச் சாமியார் ராபர்ட் டி நொபிலி பிராமணச் சந்நியாசி கோலம் போட்டார். அந்தக் கோலத்தில் தாழ்த்தப்பட்டவர்களோடு புழங்க முடியவில்லை என்றுதான் பண்டாரச் சாமி முறையே வந்தது. சாதிக்குத் தக்கபடி சாமியார்! திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதிக்காக நின்ற சுவரை 1910-இல்தான் இடித்தார்கள். அதற்கு அஸ்திவாரம் போட்டது யார்?

ஓரியூர்க்காரன்:
வடக்கன்குளத்தை அவர் தலையில் கட்டாதீர்கள், அது இருநூறு வருஷம் தள்ளி நடந்தது. பிராமணக் கோலத்தை விட்டுப் பண்டாரக் கோலம் எடுத்தது கீழே இறங்கி வந்த காரியம். எல்லாச் சாதியாரிடமும் போக அப்போது இருந்த வழி அது ஒன்றுதான்.

தெற்குத்தெரு:
இறங்கினார், சரி. பந்தியை ஒன்றாக்கினாரா?

ஓரியூர்க்காரன்:
இல்லை. அங்கே உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சேதுநாட்டான்:
ரோமுக்கே இதில் தடுமாற்றம் இருந்தது. மலபார் சடங்கு என்ற பெயரில், உள்ளூர் வழக்கங்களை எவ்வளவு ஏற்கலாம் என்று பல காலம் அடித்துக்கொண்டார்கள். இவருக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கான விசாரணையும் அதில் மாட்டிக்கொண்டது. அதற்கு முந்தின படியான முக்திப்பேறு பட்டம் 1853-இல், செத்து 160 வருஷம் கழித்து. புனிதர் பட்டம் 1947-இல்.

மணல்வீடு:
நடுவில் ஒரு சந்தேகம். ஓரியூர் மண் அவர் ரத்தத்தால்தான் சிவந்தது என்கிறார்கள். கடலோரம் தேரி மண்ணும் சிவப்புதானே, அங்கே யார் தலையை வெட்டினார்கள்?

ஓரியூர்க்காரன்:
தம்பி, அதை என் அப்பத்தாவிடம் கேட்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி இருப்பார். அந்த மண்ணை நெற்றியில் பூச வருபவர்களில் எங்கள் கோயிலுக்கு வேறு எதற்கும் வராத இந்துக்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நிறத்துக்குக் காரணம் கேட்டுப் பாருங்கள்.

சேதுநாட்டான்:
எங்கள் வீட்டிலேயே ஒரு பொட்டலம் இருக்கிறது. அதை வைத்து என் வாதத்தை முறிக்கப் பார்க்காதீர்கள்.