கோல்ட்சோவோவில் பெரியம்மை வைரஸ் எதற்கு?

கரிசல்காடு:
பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவித்தார்கள். ஆனால் அந்த வைரஸ் இன்றும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உறைநிலையில் இருக்கிறது. ஆய்வுக்காகத்தான் என்கிறார்கள். கோல்ட்சோவோவில் அதை வைத்திருக்கும் வெக்டர் நிலையமும் வெளியுலகுக்கு வெறும் ஆய்வு நிலையம்தான். சோவியத் காலத்தில் அங்கே பெரியம்மையை ஆயுதமாக்கப் பாடுபட்டார்கள் என்று, சோவியத் உயிரியல் ஆயுதத் திட்டத்தின் துணைத் தலைவராக இருந்த கென் அலிபெக்கே 1992-இல் அமெரிக்காவுக்குப் போனபின் சொன்னார். இப்போது மட்டும் எப்படி நம்புவது?

நுண்ணோக்கி:
நான் ஒரு வைரஸ் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இந்தப் பேச்சைக் கேட்டால் வலிக்கிறது. பெரியம்மைக்கு டெகோவிரிமாட் என்ற மருந்து 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உயிருள்ள வைரஸின் மேல் அது வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த வைரஸ் யாரிடமாவது இருந்தாக வேண்டும். இரண்டு இடங்களையும் உலக சுகாதார நிறுவனத்தின் குழு நேரில் போய்ச் சோதிக்கிறது.

கரிசல்காடு:
அந்தக் குழு பாதுகாப்பைப் பார்க்கிறது அம்மா, நோக்கத்தை இல்லை. வேதி ஆயுதங்களைச் சோதிக்க ஹேக் நகரில் ஓர் அமைப்பு இருக்கிறது. 1975-இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கைக்கு அப்படி ஒன்றுமே இல்லை. சோவியத்தும் அதில் கையெழுத்திட்ட நாடுதான். 1979-இல் அந்த நாட்டின் ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகர ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி கசிந்து குறைந்தது 66 பேர் செத்தார்கள். கெட்ட இறைச்சி தின்றதால் என்று சாதித்தார்கள். ராணுவம்தான் காரணம் என்று ரஷ்ய அதிபர் எல்ட்சின் ஒப்புக்கொள்ள 1992 ஆனது. சந்தேகப்படுகிறவர்களை முட்டாள் என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

வைகைக்கரை:
1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பெரியம்மைக் கூடத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த புகைப்படக் கலைஞர் ஒருவர் அந்த நோய் வந்து இறந்தார். அங்கே ஆயுதமும் இல்லை, சதியும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

நுண்ணோக்கி:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. வெக்டரிலேயே 2004-இல் எபோலா வைரஸ் இருந்த ஊசி கையில் குத்தி ஒரு விஞ்ஞானி இறந்தார். ஆனால் அழித்துவிட்டால் தீர்ந்ததா? 2014-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஒரு குளிர்ப்பதன அறையில், யாரும் கணக்கில் வைக்காத பெரியம்மைக் குப்பிகள் கிடைத்தன. இன்னும் எங்கே கிடக்கிறதோ! மருந்தும் தடுப்பூசியும் கையில் வேண்டாமா?

கரிசல்காடு:
சரி, வைத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டு விஞ்ஞானிகள் எந்த நாளும் உள்ளே போய் ஆய்வுக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்க்க அனுமதி வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். ரஷ்யாவை மட்டும் சொல்லவில்லை. உடன்படிக்கைக்குச் சரிபார்ப்பு முறை கொண்டுவர பல ஆண்டுகள் பேசித் தயாரித்த வரைவை 2001-இல் மறுத்தது அமெரிக்காதான்.